ஊசிமுனைக்கு வெளிச்சம் வேண்டும்!

ஊசியில் நூல் கோர்க்க வரவில்லை என்றால் நாம் முதலில் யார் மேல் பழி போடுகிறோம்? கண் மேல்தான்! "வயசாயிடுச்சு, கண்ணு தெரியல" என்று சொல்லி, இருபது வருஷமாகக் கைவந்த தையலையும் எம்ப்ராய்டரியையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டு விடுகிறோம். தலைக்கு மேலே எரிகிற விளக்கை ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்தோமா?

மிக்ஸி வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். பட்டுப் புடவைக்கு ஜன்னல் பக்கம் போய் விரித்துப் பார்க்கிறோம். விளக்கு விஷயத்தில் மட்டும், "ஒரு எல்.இ.டி. பல்பு குடுங்க" என்று கேட்டு, கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கி வந்து விடுகிறோம். தையல், ஆரி, சேலைக் குஞ்சம், மணி கோர்ப்பது என்று வீட்டோடு நாலு காசு சம்பாதிக்கும் சகோதரிகளுக்கு விளக்குதான் முதல் கருவி. ஊசி கூட அதற்கு அப்புறம்தான்!

எங்கள் தெருவில் ஆரி வேலை செய்கிற பெண் ஒருத்தி. வயது 46. கல்யாண பிளவுஸ் ஒன்றுக்கு அரக்கு நிறப் பட்டு நூலில் கொடி போட்டிருந்தாள். நூல் தீர்ந்து போய், ராத்திரியே வேறொரு கண்டை எடுத்து மீதியை முடித்தாள். விளக்கடியில் இரண்டும் ஒரே நிறமாகத்தான் இருந்ததாம். மறுநாள் வாசலில் வைத்துப் பார்த்தால் ஒரு கை அரக்கு, மறு கை பழுப்பு! கல்யாண வீட்டார் வாங்க மாட்டேன் என்று சொல்லி விட்டார்கள். பத்து நாள் உழைப்பு, நூல் காசு எல்லாம் போயிற்று.

"இனிமே இந்த வேலையே வேணாம்க்கா. என் கண்ணு போயிடுச்சு" என்று அழுதாள்.

"பகல்ல ஜன்னல் ஓரமா உட்கார்ந்தா எப்படித் தெரியுது?" என்று கேட்டேன்.

"பகல்ல நல்லாத்தான் தெரியுது!"

அப்படியானால் விளக்கையும் விசாரிக்க வேண்டாமா? போய்ப் பார்த்தேன். இருந்த ஒரே டியூப்லைட் அவள் முதுகுக்குப் பின்னால் சுவரில். அவள் தலையின் நிழல் முழுக்க ஆரி ஸ்டாண்டின் மேல்! நீங்களும் இந்தப் பரீட்சையைச் செய்து பாருங்கள். பகலில் ஜன்னலோரம் சுலபமாகச் செய்கிற வேலை ராத்திரி முடியவில்லை என்றால், சந்தேகம் முதலில் விளக்கின் மேல் போகட்டும்.

வாட் அல்ல, லூமென்!

குண்டு பல்பு காலத்தில் "அறுபது வாட்" என்றால் வெளிச்சம் எவ்வளவு என்று மனசுக்குத் தெரியும். ஆனால் வாட் என்பது விளக்கு தின்கிற மின்சாரம். தருகிற வெளிச்சம் லூமென் கணக்கு. 60 வாட் குண்டு பல்பு தருவது சுமார் 700 லூமென். 9 வாட் எல்.இ.டி. பல்பு சாதாரணமாக 800-லிருந்து 900 லூமென் வரை தருகிறது. தினம் 5 மணி நேரம் எரித்தால் மாதத்துக்குக் குண்டு பல்புக்கு 9 யூனிட், எல்.இ.டி.க்கு ஒன்றரை யூனிட் கூட ஆகாது. ஆகவே கண்ணுக்கு வெளிச்சம் கொடுப்பதில் கஞ்சத்தனமே வேண்டாம்.

வயதுக்கும் வெளிச்சத்துக்கும் சம்பந்தம் உண்டு. வயது ஏற ஏறக் கண்மணி சிறுத்துப் போகிறது; உள்ளே இருக்கும் லென்ஸும் மஞ்சளிக்கிறது. 20 வயதில் கண்ணுக்குள் போய்ச் சேரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் சேர்கிறது. மகளுக்குப் போதும் என்கிற விளக்கு அம்மாவுக்குப் போதாது. இது குறையல்ல, இயற்கை.

கிட்டே கொண்டு வாருங்கள்

விட்டத்தில் இருக்கும் பல்பைப் பெரிதாக்குவதில் அதிக லாபமில்லை. விளக்கு எட்டிப் போகப் போக, வெளிச்சம் தூரத்தின் வர்க்கப்படி குறைகிறது. தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நான்கு மடங்கு. மேஜைக்கு 6 அடி உயரத்தில் இருக்கும் பல்பை ஒன்றரை அடிக்குக் கொண்டு வந்தால் 16 மடங்கு!

மேஜை மேல் விழும் வெளிச்சத்தை 'லக்ஸ்' என்று அளக்கிறார்கள். தையல் வேலைக்கு 750 லக்ஸ் வேண்டும் என்பது ஐரோப்பியத் தர நிர்ணயம். நம் வீட்டுக் கூடங்களில் ராத்திரி வேளையில் 100, 150 இருந்தாலே பெரிது. ஆனால் மூடி போட்ட 5 அல்லது 7 வாட் மேஜை விளக்கை ஒன்றரை அடி உயரத்தில் வைத்தால் அந்த 750-ஐத் தொட்டு விடலாம். செல்போனில் லக்ஸ் பார்க்கும் செயலிகள் உண்டு. துல்லியமாக இராது, ஆனால் இந்த மூலை நல்லதா, அந்த மூலை நல்லதா என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

மேஜை விளியில் கடித்துப் பிடிக்கிற கிளாம்ப்பும், வளைகிற கையும் உள்ள விளக்காக வாங்குங்கள். வலது கைக்காரர்கள் விளக்கை இடது பக்கம், சற்று முன்னால் வைக்க வேண்டும். இடது கைக்காரர்கள் வலது பக்கம். அப்போதுதான் கையின் நிழல் ஊசிமுனையில் விழாது. விளக்கின் மூடி கண் மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும், எல்.இ.டி. புள்ளிகள் நேரே கண்ணில் படக் கூடாது. பால் நிற மூடி இல்லாமல் புள்ளி புள்ளியாகத் தெரியும் பட்டை விளக்கு வேண்டாம். ஒரு ஊசிக்குப் பத்து நிழல் விழும்!

அறை விளக்கையும் அணைக்காதீர்கள். மேஜை மட்டும் பளிச்சென்றும், சுற்றிலும் இருட்டாகவும் இருந்தால், நிமிரும்போதெல்லாம் கண் திண்டாடும். கறுப்புத் துணியில் தைக்கும்போது விளக்கை இன்னும் கிட்டே இழுத்து, பக்கவாட்டில் சாய்த்து விடுங்கள். தையலின் மேடு பள்ளம் நிழல் கட்டி நன்றாகத் தெரியும்.

எந்த வெள்ளை?

எல்.இ.டி.யில் நீல ஒளியை உண்டாக்குவதுதான் வெகு காலம் கஷ்டமாக இருந்தது. அதைச் சாதித்ததற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா என்ற மூவருக்கு 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நாம் வாங்கும் வெள்ளை விளக்குகளில் பெரும்பாலானவற்றுக்குள்ளே இருப்பதும் நீலம்தான். மேலே பூசிய மஞ்சள் பூச்சில் பட்டு, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. மலிவான விளக்குகளில் இந்தக் கலவையில் சிவப்பு குறைந்து போகும். விளக்கில் இல்லாத சிவப்பை நூல் எங்கிருந்து காட்டும்? அரக்கும் பழுப்பும் ஒன்றாகத் தெரிந்தது அதனால்தான். கருநீலமும் கறுப்பும் மயங்குவதும் மங்கிய விளக்கில் சகஜம்.

ஆகவே பாக்கெட்டில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று, 'சி.ஆர்.ஐ.' அல்லது 'ஆர்.ஏ.'. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு நூற்றுக்கு மார்க்கு. சாதாரண பல்புகள் 80 வாங்குகின்றன. நூல் சேர்க்கும் மேஜைக்கு 90-க்கு மேல் வேண்டும்.

இரண்டாவது, 'கே' என்று முடியும் எண். 2700 என்றால் மஞ்சள் வெளிச்சம், 6500 என்றால் நீலம் பாய்ந்த வெள்ளை, 4000 நடுவில். மணிக்கணக்கில் உட்கார்ந்து தைக்க 4000 இதமானது. நிறம் சேர்க்க 5000, 6500 கூட வைத்துக் கொள்ளலாம். கூடவே சி.ஆர்.ஐ. உயர்ந்திருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

விளக்கு எத்தனை உசத்தியானாலும், கண்டை மாற்றுமுன் பகல் வெளிச்சத்தில் ஒரு தரம் பார்த்து விடுங்கள். கல்யாண மண்டபத்து மஞ்சள் வெளிச்சத்திலும் பிளவுஸ் புடவையோடு சேர வேண்டுமே, அதையும் மஞ்சள் பல்பின் கீழ் பார்த்துக் கொள்ளுங்கள்.

கண் சிமிட்டும் விளக்கு

சில மலிவு விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சிலருக்குத் தலைவலி வரும், கண் களைத்துப் போகும். தையல் மிஷின் சக்கரம் ஓடும்போதே நின்றது போலத் தோன்றி விரலுக்கு ஆபத்தும் உண்டு. விளக்கின் கீழே ஒரு பென்சிலை வேகமாக ஆட்டிப் பாருங்கள். பென்சில் தனித்தனியாகப் பல பென்சில்களாகத் தெரிந்தால் அந்த விளக்கு வேண்டாம். செல்போன் கேமராவில் பட்டை பட்டையாக ஓடினாலும் அப்படித்தான்.

கடைக்குப் போகும்போது

பாக்கெட்டில் லூமென், கே, சி.ஆர்.ஐ. மூன்றும் அச்சாகி இருக்கிறதா?

'ஆர்' என்ற எழுத்தோடு தொடங்கும் பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா?

மூடி பால் நிறமா? கை வளைத்த இடத்தில் நிற்கிறதா, தொய்கிறதா?

கையோடு அரக்கு, பழுப்பு, வாடாமல்லி, கருநீலம், கறுப்பு நூல் துண்டுகளைக் கொண்டு போங்கள். விளக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஐந்தும் ஐந்தாகத் தெரிந்தால் வாங்குங்கள்!

எங்கள் தெருப் பெண்ணுக்கு இந்த முறையில்தான் ஒரு கிளாம்ப் விளக்கு வாங்கினோம். கண் டாக்டரிடமும் போய் வரச் சொன்னேன். வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். ஸ்டாண்டையும் ஜன்னலோரம் திருப்பிப் போட்டாள். இரண்டு மாதத்தில் மறுபடி ஆர்டர் எடுக்க ஆரம்பித்து விட்டாள். "ராத்திரியும் கண்டு பொறுக்க முடியுதுக்கா" என்கிறாள்.

விளக்கு செய்ய முடியாதது

நல்ல விளக்கு கண் டாக்டருக்குப் பதிலாகாது. 40 வயதை ஒட்டி வெள்ளெழுத்து எல்லோருக்கும் வருவது. நல்ல வெளிச்சத்திலும் எழுத்து மங்கினால், விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால், வெளிச்சமே கண்ணைக் கூசினால் தள்ளிப் போடாதீர்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் கண் நன்றாகத் தெரிந்தாலும் வருஷத்துக்கு ஒரு தரம் விழித்திரைப் பரிசோதனை செய்து கொள்வது அவசியம்.

இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் தலை நிமிர்ந்து தூரத்தைப் பாருங்கள். பளிச்சென்ற வெள்ளை வெளிச்சம் தூக்கத்தைத் தள்ளிப் போடும். ஆகவே படுக்க ஒரு மணி நேரம் முன்பாகவே ஊசியைச் செருகி வைத்து விடுங்கள். மீதிக் கொடி நாளைக்கும் இருக்கும். கண் இரண்டுதானே இருக்கிறது!