நீர்க்கட்டிக்கு மாத்திரை, மனச்சோர்வுக்கு?

2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டத்துச் சாமளாபுரத்தில் டாஸ்மாக் மதுக்கடை வேண்டாம் என்று பெண்கள் சாலையை மறித்தார்கள். அவர்களில் ஒருவரைப் போலீஸ் அதிகாரி அறைந்த காட்சி நாடெங்கும் பரவியது. அப்படித் தெருவில் இறங்கத் துணிந்த ஊரிலும், விசைத்தறிக் கூடத்திலோ பனியன் கம்பெனியிலோ பக்கத்தில் நிற்பவரிடம்கூடச் சொல்லக் கூசும் சங்கதிகள் உண்டு. மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை. தாடையில் முடி முளைக்கிறது. காரணமே இல்லாமல் அழுகை வருகிறது.

முதல் இரண்டுக்கும் ஸ்கேன், மாதவிலக்கு வர மாத்திரை, எடையைக் குறைக்கச் சொல்லி அறிவுரை. மூன்றாவதற்கு மருந்துச் சீட்டில் பெரும்பாலும் இடமில்லை.

இந்த அறிகுறிகளுக்குப் பின்னால் இருக்கக்கூடியது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை. குழந்தை பெறும் வயதுப் பெண்களில் 100க்கு 10 முதல் 13 பேருக்கு இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஸ்கேனில் தெரிபவை முழுதாக வளராத முட்டைப்பைகள். அறுத்து எடுக்க வேண்டிய கட்டியும் அல்ல, புற்றுநோயும் அல்ல. ஆண்களுக்குரிய ஹார்மோன் கூடுவதும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததுமே பின்னணி. இதைச் சொன்னாலே பாதிப் பயம் போய்விடும்.

மீதிப் பயம் லேசில் போகாது. 30 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான அலசலில், இந்தப் பாதிப்புள்ள பெண்களில் ஏறத்தாழ 37 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. மற்றவர்களில் 14 தான். பதற்றத்தில் வித்தியாசம் இன்னும் அதிகம். குண்டாக இருப்பதால் வரும் கவலை என்று இதை ஒதுக்கவும் முடியாது. ஒரே எடைகொண்டவர்களை ஒப்பிட்டபோதும் வித்தியாசம் மறையவில்லை.

இவர்களின் வாழ்க்கைத் தரத்தை அளக்க 1998இல் உருவான கேள்வித்தாள் ஐந்து விஷயங்களைக் கேட்கிறது: மனநிலை, உடல் முடி, எடை, குழந்தையின்மை, மாதவிலக்கு. திருப்பூர்ப் பக்கம் ஆறாவதாக ஷிப்டையும் சேர்க்க வேண்டும் என்பேன். ஒன்றரை ஷிப்ட் என்றால் 12 மணி நேரம். பீஸ் ரேட்டில் தைப்பவர் அரை நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் சனிக்கிழமைச் சம்பளத்தில் அது தெரியும். தறிகளுக்கு இடையே நாளெல்லாம் நடப்பவரிடம் 'தினமும் அரை மணி நேரம் நடங்கம்மா' என்றால் அவர் என்ன செய்வார்? ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டுத் தூக்கம் கெட்ட முகத்தோடு கல்யாண வீட்டுக்குப் போனால், 'விசேசம் ஒண்ணும் இல்லையா கண்ணு?' என்று விசாரிக்க ஆள் காத்திருக்கும்.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் முன்னின்று 2023இல் வெளியிட்ட சர்வதேச மருத்துவ வழிகாட்டி, நோய் உறுதியானதுமே பெரியவர்கள், வளரிளம் பெண்கள் எல்லோரிடமும் மனச்சோர்வும் பதற்றமும் இருக்கிறதா என்று பார்த்துவிடச் சொல்கிறது. கேட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். கடந்த இரண்டு வாரங்களாக மனம் தளர்ந்து, நம்பிக்கை இழந்து இருக்கிறீர்களா? எதிலும் நாட்டமில்லாமல் போய்விட்டதா?

மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். மத்திய அரசின் டெலிமானஸ் சேவை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம்.