ஐந்தாம் வகுப்புக்கு மேல் பஸ் ஏறவேண்டும்

வால்பாறையில் பல எஸ்டேட் பள்ளிகள் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகின்றன. எட்டு வரை போகிறவை சில. ஏன் என்று தேடினால் 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் போய் முடியும். தொழிலாளர்களின் பிள்ளைகளில் 6 முதல் 12 வயதுக்குட்பட்டவர்கள் 25 பேருக்கு மேல் இருந்தால், நிர்வாகம் கல்வி வசதி செய்துதர அரசு விதி வகுக்கலாம் என்றது அது. பதின்மூன்று வயதுப் பிள்ளை அந்தக் கணக்கிலேயே வரவில்லை. 2020-இல் நிறைவேறிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அதே வயது வரம்பைத்தான் வைத்திருக்கிறது. எழுபது ஆண்டுக்குப் பிறகாவது அதைத் திருத்தியிருக்க வேண்டும்.

எஸ்டேட் பள்ளிக்கு மேல் படிக்க வால்பாறை, முடீஸ், சோலையாறு அணை போன்ற இடங்களில் உள்ள அரசுப் பள்ளிகளுக்கு வரவேண்டும். பிளஸ் டூ பள்ளிக்குள் வந்தது 1978-இல். அதுவரை எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பிள்ளைக்கு அடுத்த படி கல்லூரியில் பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பு. அப்போது மலையில் கல்லூரி கிடையாது. 40 கொண்டை ஊசி வளைவு இறங்கி, 64 கிலோமீட்டர் தள்ளி, பொள்ளாச்சிக்குப் போகவேண்டியிருந்தது. தேயிலை பறிக்கும் குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகிற செலவா? மேல்நிலை வகுப்பு இந்த மலைக்குத் தந்த இரண்டு வருடம் சாதாரணமானதல்ல. இன்று வால்பாறையிலேயே அரசு கலை அறிவியல் கல்லூரியும் இருக்கிறது.

ஆனால் இங்கே பள்ளியின் வசதியை வகுப்பறையை மட்டும் பார்த்து எடைபோட முடியாது. 5 கிலோமீட்டருக்குள் உயர்நிலைப்பள்ளி என்று 2009-இன் இடைநிலைக் கல்வித் திட்டம் இலக்கு வைத்தது. மலையில் அந்த 5 கிலோமீட்டர் சோலையையும் தேயிலைக் காட்டையும் சுற்றி வரும். மழைக்காலத்தில் நாலரை மணிக்கே மஞ்சு இறங்கிவிடும். அந்த மஞ்சில் யானை நின்றாலும் தெரியாது. இங்கே யானை தாக்கி இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு அருகில் யானை நிற்பதே தெரிந்திருக்கவில்லை. அதனால்தான் நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் வனத்துறையோடு சேர்ந்து, யானை அருகில் இருப்பதை எச்சரிக்கச் செல்போன் குறுஞ்செய்தியும் தூரத்திலிருந்தே தெரியும் சிவப்பு விளக்கும் ஏற்பாடு செய்தது. பத்தாம் வகுப்புக்கு மாலையில் சிறப்பு வகுப்பு வைக்கும் ஆசிரியர் பாடத்தோடு கடைசி பஸ்ஸையும் இந்த விளக்கையும் சேர்த்தே யோசிக்கவேண்டியிருக்கிறது.

இதற்கிடையே மலையில் ஆளும் குறைகிறது. 2001 கணக்கெடுப்பில் 95 ஆயிரத்தை ஒட்டியிருந்த வால்பாறை நகராட்சியின் மக்கள்தொகை, 2011-இல் 71 ஆயிரத்துக்கு இறங்கியது. வேலை தேடித் திருப்பூருக்கும் கோவைக்கும் குடும்பங்கள் இறங்கினால் வருகைப் பதிவேடும் மெலியத்தான் செய்யும். பிள்ளைகள் குறைவு என்று ஒரு பள்ளியை இன்னொன்றோடு இணைத்தால், மிச்சமிருக்கும் பிள்ளைக்குத் தூரம் கூடும். அந்தக் குடும்பமும் மூட்டை கட்டும்.

இன்னொன்று. காலை உணவுத் திட்டம் 2022-இல் தொடங்கியபோது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை என்று வகுத்தார்கள். அந்த வயதுப் பிள்ளைக்குப் பள்ளி பெரும்பாலும் லைன் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. தாய் கொழுந்தெடுக்கக் கிளம்பும் அவசரத்தில், வெறும் டீயைக் குடித்துவிட்டு முதல் பஸ்ஸுக்கு ஓடுவது ஆறாம் வகுப்புப் பிள்ளை.