ரகசியத்தை அச்சடித்து விற்கும் தொழில்: மேஜிக் புத்தகம் தமிழில் ஏன் அரிது?

சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத் தேர் ஓடினாலும், கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் கூட்டம் கூடினாலும், ஒரு காலத்தில் அதன் ஓரத்தில் ஒரு மோடி மஸ்தான் இருப்பார். கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போவதாகச் சொல்லியே கூட்டத்தை மணிக்கணக்கில் நிறுத்திவைப்பார். சண்டை கடைசிவரை நடக்காது. தாயத்து மட்டும் விற்றுத் தீர்ந்திருக்கும். இன்று பள்ளி ஆண்டு விழா, பிறந்தநாள், திருமண வரவேற்பு என்று மேடை மாறிவிட்டது. வித்தைக்காரரும் கோட் போட்டுக்கொண்டுவிட்டார்.

இவர்கள் தொழில் கற்பது எங்கே? பெரும்பாலும் ஒரு மாஸ்டருக்குப் பெட்டி தூக்கிக் கற்கிறார்கள். இளையவர்கள் யூடியூப் பார்க்கிறார்கள். மூன்றாவது வழி, வித்தைக்காரர்களுக்காகவே எழுதப்படும் புத்தகம். ஆங்கிலத்தில் இது பல நூற்றாண்டு வேர்கொண்ட ஒரு தனிப் பதிப்புத் துறை. தமிழில் அந்த அலமாரி ஏறக்குறைய காலி.

ஆங்கிலத்திலும் இது வித்தைக்காரர்களுக்காகத் தொடங்கிய விஷயமில்லை. 1584-ல் ரெஜினால்ட் ஸ்காட் ‘தி டிஸ்கவரி ஆஃப் விட்ச்கிராஃப்ட்’ எழுதினார். சூனியக்காரிகள் என்று பெண்களைத் தண்டித்துக்கொண்டிருந்த காலம் அது. இதெல்லாம் பேயின் வேலை இல்லை, கைவேகம்தான் என்று நிரூபிப்பதற்காக அவர் பல வித்தைகளின் உள்வேலையை விளக்கினார். தொழில்முறைப் பாடநூல் வர 1876 ஆயிற்று. ஆஞ்சலோ லூயிஸ் என்ற லண்டன் வழக்கறிஞர் ‘புரொஃபசர் ஹாஃப்மன்’ என்ற புனைபெயரில் ‘மாடர்ன் மேஜிக்’ எழுதியபோது, தொழில் போயிற்று என்று அஞ்சியவர்கள் உண்டு. நடந்தது வேறு. அடுத்த தலைமுறையே அந்தப் புத்தகத்தில்தான் தொழில் படித்தது.

எனக்குப் பிடித்த கதை 1902-ல் சிகாகோவில் வெளிவந்த ‘தி எக்ஸ்பர்ட் அட் தி கார்டு டேபிள்’. ஆசிரியர் தானே பணம் போட்டு அச்சிட்ட புத்தகம். சீட்டைக் கையாளும் நுட்பங்களுக்கு இன்றுவரை இதுதான் வேதம். எழுதியவர் பெயர் எஸ்.டபிள்யூ. எர்ட்னேஸ் என்று அட்டையில் இருக்கிறது, ஆனால் அவர் யார் என்று இன்னும் உறுதியாகவில்லை. எல்லா ரகசியத்தையும் கொட்டிவிட்டுத் தன்னை மட்டும் மறைத்துக்கொண்ட மனிதர்!

1920-களில் ஹார்லன் டார்பெல் அமெரிக்காவில் தபால் வழியாக 60 பாடங்கள் அனுப்பினார். அவை பின்னர் கனத்த தொகுதிகளாயின. ஹூடினி 1926-ல் இறந்தபின் அவருடைய ஏறக்குறைய 4,000 நூல்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இந்தியாவில் இந்த வழியில் அதிகம் எழுதியவர் பி.சி. சொர்க்கார். வங்காளியிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். ‘சொர்க்கார் ஆன் மேஜிக்’ 1960-ல் வெளிவந்தது.

தமிழில் இருப்பவை இரண்டு வகை. ஒன்று, ‘புலிப்பாணி ஜாலம்’ போன்ற சித்தர் பெயரிலான நூல்களும் மலிவு விலை இந்திரஜாலப் புத்தகங்களும். மூலிகை, மை, மந்திரம் மூன்றும் கலந்த செய்முறைகள் அவற்றில் உண்டு. மேடையில் எங்கே நிற்பது, என்ன பேசுவது என்பதை அவற்றில் தேடிப் பயனில்லை. மற்றது, பகுத்தறிவுப் பிரசாரம். கோவை போத்தனூரில் வாழ்ந்த பி. பிரேமானந்த் (1930–2009) தானே வித்தைக்காரர். ‘இந்தியன் ஸ்கெப்டிக்’ என்ற ஆங்கில இதழை அங்கிருந்து நடத்தினார். ‘சயின்ஸ் வெர்சஸ் மிராக்கிள்ஸ்’ நூலில் சாமியார்கள் காட்டும் அற்புதங்களைச் செய்முறையோடு உடைத்துவைத்தார். திராவிடர் கழகத்தின் ‘மந்திரமா? தந்திரமா?’ நிகழ்ச்சிகளும் இந்த வழிதான். ஏமாறாதே என்று பார்வையாளருக்குச் சொல்லும் நூலும் நிகழ்ச்சியும் நமக்கு உண்டு. நன்றாகச் செய் என்று கலைஞருக்குச் சொல்லும் நூல்தான் குறைவு.

ரகசியம் ஒரு வரி, பாடம் நான்கு பக்கம்

மேஜிக் புத்தகத்தை வாங்குபவர் ரகசியத்துக்குப் பணம் கொடுக்கிறார் என்று நினைப்போம். அப்படியில்லை. நாணயத்தை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றுவதுபோல் பாவனை செய்து வலக்கையிலேயே வைத்துக்கொள்வது பள்ளிச் சிறுவனுக்கும் தெரிந்த ரகசியம். ஆனால் அது பலிக்க, மாற்றும் கணத்தில் கண் இடக்கையைத் தொடர வேண்டும். நாணயம் இருக்கும் வலக்கை விறைக்காமல் இயல்பாக இறங்க வேண்டும். பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு விரல் இடுக்கு தெரியக் கூடாது. அந்த நொடியில் ஒரு கேள்வி கேட்டு அவரை நிமிர்ந்து பார்க்கவைக்க வேண்டும். இவ்வளவும் எழுத நான்கு பக்கமும் ஐந்தாறு படங்களும் தேவைப்படும். படம் வரைபவருக்குக் கையின் உடற்கூறும் தெரிய வேண்டும், வித்தையும் ஓரளவு தெரிய வேண்டும். செலவு இங்கேதான் ஏறுகிறது.

செலவு ஏறினாலும் வாசகர் எண்ணிக்கை ஏறாது. ஒரு மாவட்டத்தில் மேடை ஏறும் கலைஞர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் கடை போடும் பதிப்பாளர் சமையலையும் ஜோதிடத்தையும் அடுக்குவாரே தவிர, இதில் முதல் போடத் தயங்குவார். அவரைக் குறை சொல்ல முடியாது. வெளிநாட்டு வித்தைக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பயிற்சி வகுப்பு நடத்தும்போது அந்த வகுப்பின் குறிப்புகளையே மெல்லிய நூலாக அடித்து வாசலில் விற்பார்கள். அளவான பிரதி, அதிக விலை, கடைக்காரர் கமிஷன் கிடையாது. இதற்குச் சிவகாசி வரை போக வேண்டியதில்லை, டிஜிட்டல் அச்சும் சுருள்கம்பி பைண்டிங்கும் போதும். சுருள்கம்பியில் கூடுதல் ஆதாயமும் உண்டு. இரண்டு கையிலும் சீட்டு இருக்கும்போது புத்தகம் தானாக விரிந்து கிடக்கும்.

மின்னூல் இந்தக் கணக்கை இன்னும் எளிதாக்குகிறது. அமேசான் கிண்டில் 2016-லேயே தமிழை ஏற்றுக்கொண்டது. அதனால் நூறு பேருக்கு மட்டும் தேவைப்படும் நூலும் இருப்பு வைக்காமல் விற்கலாம். சிக்கல் வேறிடத்தில் வருகிறது. எழுத்தின் அளவைப் பெரிதாக்கினால் பக்கம் கலைந்து ஓடும் மின்னூலில், ‘படம் 7-ஐப் பார்க்க’ என்ற வரி ஒரு பக்கத்திலும் படம் 7 வேறெங்கோவும் நிற்கும். கதைப் புத்தகத்தில் இது தொந்தரவில்லை, இங்கே பாடமே கெடும். ஆகவே பக்கம் கலையாத பிடிஎஃப் வடிவமே இந்த வகை நூலுக்குப் பொருந்தும். பிடிஎஃப் ஒருவர் கைக்குப் போனால் வாட்ஸ்அப் குழு முழுக்கப் போய்விடும் என்ற பயம் நியாயமானது. வாங்குபவர் பெயரைப் பக்கத்துக்குப் பக்கம் அச்சிட்டுக் கொடுப்பது திருட்டை நிறுத்தாது, கொஞ்சம் கூச்சப்பட வைக்கும்.

வரியிலும் ஒரு வினோதம். அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. அச்சு வடிவமும் உள்ள மின்னூலுக்கான வரியை 2018 ஜூலையில் 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். மின்னூலாக மட்டுமே வரும் நூலுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. சுருள்கம்பிப் பதிப்பு ஒன்றும் கூடவே போட்டுவைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டம் எதைக் காக்கும்?

வித்தையின் உத்தியைச் சட்டம் காக்காது. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்கே உண்டு என்று 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. உங்கள் வாக்கியத்தையும் படத்தையும் நகலெடுப்பவர் மீது வழக்குப் போடலாம். அதே உத்தியைத் தன் சொற்களில் எழுதுபவரை ஒன்றும் செய்ய முடியாது. அமெரிக்காவில் டெல்லர் என்ற கலைஞர் 2014-ல் ஒரு வழக்கில் வென்றார். அங்கும் பாதுகாப்பு கிடைத்தது ரோஜாவின் நிழலை வெட்டும் அவருடைய மௌன நாடகத்துக்குத்தான், அதன் பின்னிருந்த உத்திக்கு இல்லை.

இன்னொரு சட்டத்தை நினைத்தால் சிரிப்பு வரும். 1954-ம் ஆண்டின் நூல்கள் வழங்கல் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு அச்சு நூலும் 30 நாட்களுக்குள் நான்கு பொது நூலகங்களுக்குப் போக வேண்டும். அதில் ஒன்று சென்னை கன்னிமாரா. சத்தியம் வாங்கிக்கொண்டு விற்ற ரகசியமும் எழும்பூரில் யார் வேண்டுமானாலும் புரட்டக் கிடைக்கும். அச்சில் போட்டதே பத்திரமான மறைவிடம் என்பது வித்தைக்காரர்களின் பழைய கேலி.

புதிதாக எழுத ஆள் கிடைக்கும்வரை மொழிபெயர்ப்பு ஒரு நல்ல தொடக்கம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். 1971-ல் இறந்த சொர்க்காரின் நூல்களுக்கு 2031 முடியும்வரை அனுமதி வாங்க வேண்டும். 1919-ல் இறந்த ஹாஃப்மனை இன்றே எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் மேடையில் உதவாது. ஹாஃப்மனின் வித்தைக்காரர் வால்கோட் அணிபவர். பொருளை நழுவவிட அதன் வால் மடிப்பில் ரகசியப் பை தைத்துவைத்திருப்பார். வேட்டி, சட்டையில் வருபவருக்கு அந்த வேலை முழுவதையும் வேறு மாதிரி அமைக்க வேண்டும். அன்றைய இங்கிலாந்தின் அரைக் கிரவுன் நாணயம் ஏறக்குறைய 32 மில்லிமீட்டர் அகலம். நம்முடைய 10, 20 ரூபாய் நாணயங்கள் 27 மில்லிமீட்டர். உள்ளங்கை மடிப்பில் அது நிற்கும் இடமே மாறிவிடுவதால், நாணய அத்தியாயத்தின் படங்களையெல்லாம் புதிதாகவே வரைய வேண்டியிருக்கும்.