பனி மோட்டார் நின்றால் ஆபத்து!

உயிர் காக்கும் ஒரு ரப்பர் பெல்ட்

கனடா நாட்டின் வட பகுதியில் குளிர்காலம் வந்துவிட்டால் பாதை என்பதே தெரியாது. காடு, வயல், ஏரி எல்லாம் ஒரே வெள்ளை. பனி இடுப்பளவு குவிந்து கிடக்கும். காரும் லாரியும் அதில் ஓட முடியாது. சக்கரம் புதைந்துவிடும்.

அங்கே ஓடுகிற வண்டியின் பெயர் "ஸ்நோமொபைல்". பனி மோட்டார் என்று சொல்லலாம். பார்வைக்கு மோட்டார் சைக்கிள் போல இருக்கும். ஆனால் சக்கரம் கிடையாது. முன்னால் இரண்டு சறுக்குப் பலகைகள். பின்னால் அகலமான ரப்பர் பட்டை. ராணுவ டாங்கியின் சங்கிலி போல அது சுழலும். பனியைப் பின்னே தள்ளும். வண்டி முன்னே பாயும்!

மகனை இழந்த மெக்கானிக்

கியூபெக் மாகாணத்தில் வால்கோர்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே 1907-ம் ஆண்டில் பிறந்தவர் ஜோசப் அர்மான் பம்பார்டியர். மோட்டார் ரிப்பேர் செய்வது அவர் தொழில். பனியில் ஓடும் வண்டி செய்ய வேண்டும் என்பது அவருடைய சிறு வயது ஆசை.

1934-ம் ஆண்டு குளிர்காலம். அவருடைய 2 வயது மகனுக்குக் குடல்வால் நோய் கண்டது. ஆஸ்பத்திரி தொலைவில் இருந்தது. பாதையைப் பனி மூடிவிட்டது. ஓடக்கூடிய பனி வண்டி அன்று அவரிடம் தயாராக இல்லை. குழந்தை இறந்துவிட்டது.

பம்பார்டியர் சோர்ந்து உட்காரவில்லை. பட்டை சுழலும் அமைப்புக்கு 1937-ல் காப்புரிமை பெற்றார். 7 பேர் ஏறிச் செல்லும் பனி வண்டியைச் செய்து விற்றார். டாக்டர்கள் அதில் நோயாளியைத் தேடிப் போனார்கள். 1959-ல் "ஸ்கி-டூ" என்ற சிறிய வண்டியை விற்பனைக்கு விட்டார். 1964-ல் அவர் காலமானார்.

இன்று இந்த வண்டியில் இரண்டு வகை உண்டு. ஒன்று வேகமாக ஓட்டி விளையாட. மற்றொன்று வேலைக்கு. வேலை வண்டியின் பட்டை 20 அங்குலம், 24 அங்குலம் அகலம் இருக்கும். விறகு, உணவு, வேட்டைப் பொருள் ஏற்றிய சறுக்கு வண்டியை இது இழுத்துச் செல்லும். கனடாவில் இனூயிட் மக்கள் இதில் வேட்டைக்குப் போகிறார்கள். பின்லாந்து, சுவீடன், நார்வே நாடுகளில் கலைமான் மேய்ப்பவர்கள் இதில் ஏறி மந்தையைத் திருப்புகிறார்கள்.

ஊரிலிருந்து 50 கிலோமீட்டர் தொலைவில் இந்த வண்டி நின்றுவிட்டால்? உதவிக்கு ஆள் இல்லை. நடந்தால் கால் புதையும். இருட்டினால் குளிரே ஆளைக் கொன்றுவிடும். ஆகையால் வண்டியைப் பேணுவது அங்கே உயிரைப் பேணுவதுதான்.

என்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை!

என்ஜினின் சக்தியைப் பட்டைக்குக் கொண்டு போவது ஒரு ரப்பர் பெல்ட். அது அறுந்தால் என்ஜின் கத்தும், வண்டி நகராது. ஓரம் பிய்ந்திருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். மாற்று பெல்ட் இல்லாமல் ஊரை விட்டுப் போகக் கூடாது.

பெல்ட் ஏன் கெடுகிறது? இரவில் ஈரப் பட்டை தரையோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். காலையில் அப்படியே என்ஜினை முடுக்கினால் பட்டை சுழலாது. பெல்ட் தேய்ந்து கருகும். இதற்கு எளிய வழி உண்டு. இரவில் மரக் கட்டைகள் மேல் வண்டியை நிறுத்த வேண்டும். காலையில் பின்பக்கத்தைத் தூக்கி அசைத்து, பட்டையை விடுவித்த பிறகே கிளம்ப வேண்டும்.

பட்டை தளர்ந்தால் பல் தாவிக் கடகடவென்று சத்தம் வரும். மிகவும் இறுகினாலோ சக்தி வீணாகும். உறுப்புகள் சீக்கிரம் தேயும். அளவாக இருக்க வேண்டும்.

பனி குறைந்தால் சூடு!

பனி நாட்டில் ஓடும் வண்டி சூடாகுமா? ஆகும்! பல வண்டிகளில் பட்டை வாரி இறைக்கும் பனியே என்ஜினைக் குளிர வைக்கிறது. பட்டை உராய்ந்து ஓடும் பிளாஸ்டிக் சட்டங்களுக்கும் பனிதான் மசகு. வெறும் ஐஸ் மேல் வெகு தூரம் ஓடினால் பனி கிடைக்காது. என்ஜின் கொதிக்கும், சட்டம் உருகும். அப்போது பொடிப் பனி உள்ள ஓரத்துக்கு வண்டியைத் திருப்ப வேண்டும்.

உறைந்த ஏரியில் வேறொரு ஆபத்து உண்டு. பனியின் பாரத்தால் ஐஸ் அமிழும். விரிசல் வழியாகத் தண்ணீர் மேலே வந்து பனிக்கு அடியில் தேங்கும். கண்ணுக்குத் தெரியாது. அதில் இறங்கிய வண்டி வேகத்தைக் குறைத்தால் சிக்கிக்கொள்ளும். நிற்காமல் உலர்ந்த பனிக்குப் போய்விட வேண்டும். பிறகு பட்டையில் ஒட்டிய ஈரப் பனியை உடனே தட்டிவிட வேண்டும். தாமதித்தால் கல்லாகிவிடும்.

நின்றுவிட்டால் என்ன செய்வது?

பதறக் கூடாது. ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

முதலில், நிறுத்தும் பொத்தான். கை பட்டு அது அழுந்தியிருக்கலாம். பாதுகாப்புக் கயிறும் கழன்றிருக்கலாம்.

இரண்டாவது, பெட்ரோல். அதில் தண்ணீர் கலந்திருந்தால் குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, பிளக். நனைந்திருந்தால் துடைக்கலாம், கரி பிடித்திருந்தால் மாற்றலாம்.

நான்காவது, பெல்ட்.

ஆயிலைக் கிளம்பும் முன்பே பார்க்க வேண்டும். டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் ஆயில் தீர்ந்தால் பிஸ்டன் இறுகிவிடும். பிறகு காட்டில் வைத்து ரிப்பேர் செய்ய முடியாது. மூடிய கொட்டகையில் என்ஜினை ஓட விடவும் கூடாது. அதன் விஷப் புகை ஆளைக் கொல்லும்.

மாற்று பெல்ட், பிளக், ஸ்பானர், கோடரி, தீப்பெட்டி, உணவு, பனியில் நடக்கும் காலணி. இத்தனையும் வண்டியில் இருக்க வேண்டும். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொன்ன நேரத்தில் வண்டிச் சத்தம் கேட்காவிட்டால், தேடி வருகிறவர்கள் எந்தப் பக்கம் போவது என்று தெரிந்து புறப்படுவார்கள்.