எவ்வளவு எடுத்தாய் என்று கேட்காத தோழன்

வானொலியில் வேலை செய்பவர்களுக்கு ஒரு பயம் உண்டு. ஒலிவாங்கி திறந்திருக்கும், நேயர்கள் காத்திருப்பார்கள், ஆனால் எந்தச் சத்தமும் போகாது. ஐந்து விநாடிதான் என்றாலும் வயிற்றைக் கலக்கிவிடும். அதனால்தான் நூலகத்தின் இளையர் பிரிவில் ‘ரேடியோ சைலன்ஸ்’ என்ற தலைப்பைப் பார்த்ததும் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். வானொலிக் கதை என்று நினைத்தேன். படித்து முடித்தபோது, தொடக்கக் கல்லூரியில் என் பக்கத்து இருக்கையில் இருந்த தோழிதான் நினைவில் இருந்தாள்.

2016ல் வெளிவந்த இந்த ஆங்கில நாவலை எழுதியவர் பிரிட்டனைச் சேர்ந்த ஆலிஸ் ஓஸ்மன். நெட்ஃபிளிக்சில் ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ தொடரைப் பார்த்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். அவருடைய முதல் நாவல் 2014ல் வெளியானபோது அவருக்கு வயது 19. தேர்வு மேசையை விட்டு அதிக தூரம் போகாத ஒருவர் எழுதிய கதைகள் இவை.

நாவலின் நாயகி பிரான்சிஸ் பள்ளியின் மாணவத் தலைவி. கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படிப்பதுதான் குறி. பள்ளியில் அவளை எல்லாருக்கும் தெரியும். ஆனால் படிக்கிற பெண்ணாக மட்டும்தான். வீட்டில் பளிச்சென்ற ஆடைகள் போட்டுக்கொண்டு, இணையத்தில் வரும் ஒரு வலையொலித் தொடருக்குப் படம் வரைகிறாள். அந்தத் தொடரை யார் உருவாக்குகிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. கடைசியில் பார்த்தால், எதிர்வீட்டு ஏலட்தான் தன் அறையில் இருந்து அதைப் பதிவு செய்கிறான்.

இருவரும் நண்பர்களாகிறார்கள். இவர்களுக்கு இடையே காதல் இல்லை. கதை அதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது. நேரம் போவது தெரியாமல் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், தொடருக்காகச் சேர்ந்து வேலை செய்கிறார்கள். ஒருவருக்கொருவர் மதிப்பெண்ணை நிரூபிக்கத் தேவையில்லாத நட்பு அது. பிறகு பிரான்சிஸின் ஒரு சறுக்கலால் ஏலட்டின் இரகசியம் வெளியே கசிகிறது. நட்பும் உடைகிறது.

ஏலட்டின் தாயாருக்குப் படிப்பைத் தவிர வேறு எதுவும் கணக்கில் இல்லை. சரியாகப் படிக்காத மகள் வீட்டைவிட்டே ஓடிப் போயிருக்கிறாள். அந்தப் பகுதிகளைப் படிக்கும்போது ‘நாம் இப்படி இல்லையப்பா’ என்று பெற்றோர் நிம்மதி அடையலாம். ஆனால் பிரான்சிஸின் அம்மாவைப் பாருங்கள். அன்பானவர், மகளோடு சேர்ந்து சிரிப்பவர், எதற்கும் வற்புறுத்தாதவர். அப்படியும் அந்தப் பெண் தன்னைத்தானே விரட்டிக்கொள்கிறாள். கேம்பிரிட்ஜ் நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருக்கும்போதுதான், தனக்கு இந்தப் பாடம் உண்மையில் பிடிக்குமா என்ற கேள்வியே அவளுக்கு வருகிறது. நன்றாகப் படிக்கிற பிள்ளையிடம் அதை அதுவரை யாரும் கேட்கவில்லை.

சிங்கப்பூரில் நாமும் பலவற்றை மாற்றிவிட்டோம். 2021ல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்குப் புதிய மதிப்பீட்டு முறை வந்தது. 2023க்குள் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வுகள் நீக்கப்பட்டன. 2024 முதல் உயர்நிலை ஒன்றில் சேரும் மாணவர்களுக்குப் பழைய பிரிவுகள் இல்லை. ஆனாலும் தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் உறவினர், முறுக்குத் தட்டில் கை வைக்கும் முன் பிள்ளையிடம் கேட்பது என்ன என்று உங்களுக்கே தெரியும்.

நானும் அப்படிக் கேட்டவள்தான். என் தோழி கணிதக் குறிப்புகளின் ஓரத்தில் கேலிச்சித்திரம் வரைவாள். எங்கள் ஆசிரியர்களில் அவள் வரையாத முகம் கிடையாது. மேல்நிலைத் தேர்வு முடிவு வந்த நாளில், தாளை வாங்கிக்கொண்டு மண்டபத்தின் பின்கதவுப் பக்கம் நடந்தாள். நான் ஓடிப்போய்க் கேட்டது ஒரே கேள்வி: “உனக்கு எவ்ளோ?”

பதில் சொல்லாமல் போய்விட்டாள். எனக்கு நல்ல முடிவு. அன்று இரவு வீட்டில் பிரியாணி. அவளைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றியது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்த நாளை, வாரமாகி, வருடமானது. தினமும் ஆயிரக்கணக்கானோரிடம் பேசுவது என் தொழில். அவளிடம் மட்டும் பதினைந்து ஆண்டுகளாகப் பேசவில்லை.

நாவலில் பிரான்சிஸ் தன் நண்பனைத் தேடிப் போகிறாள். என்ன ஆகிறது என்பதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள். பாலின ஈர்ப்பு, மனச்சோர்வு பற்றிய பகுதிகளும் இதில் உண்டு. பதினான்கு, பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். பெற்றோரும் படித்தால், சாப்பாட்டு மேசையில் பேசுவதற்கு விஷயம் கிடைக்கும்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் பழைய வகுப்புத் தோழி ஒருத்தியிடம் எண் வாங்கி, அவளுக்கு ஒரு வரி அனுப்பினேன்: “இன்னும் படம் வரையறியா?”

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், காலை நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும்போது கைப்பேசி அதிர்ந்தது. ஒலிவாங்கி முன் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் படம். காதைவிடப் பெரிய காதணி, பேசிக்கொண்டே இருக்கும் வாய். என்னை அச்சு அசலாக வரைந்திருந்தாள். அப்படியானால், என் நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.