கடப்பாவுக்கு ஒரு தூக்குவாளி

நெடுஞ்சாலையில் எந்தப் பக்கம் போனாலும் 'கும்பகோணம் டிகிரி காபி' போர்டு கண்ணில் படுகிறது. பித்தளை டபராவோடு எங்கள் ஊர்க் காபி பஸ் ஏறிப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கடப்பா மட்டும் காவிரிக் கரையை விட்டு அதிகம் நகரவில்லை. அதன் காரணத்தை நான் ஏழெட்டு வயதிலேயே ஒரு ஹோட்டல் மேஜையில் தெரிந்துகொண்டேன்.

மகாமகக் குளத்திலிருந்து நடக்கிற தூரம். வாசலில் கல்லாப்பெட்டி, உள்ளே சலவைக்கல் மேஜைகள். மெனு சப்ளையரின் வாயில்தான். "இட்லி, வடை, பொங்கல், ரவா, ஊத்தப்பம்..." என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, அப்பாவிடம் மட்டும் குரலைத் தணித்து, "கடப்பா இருக்கு சார்" என்பார். நாங்கள் அதற்காகத்தான் வந்திருக்கிறோம் என்று அவருக்கும் தெரியும்.

தஞ்சைப் பக்கத்தாருக்குக் கடப்பாவை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் அதைக் குருமா என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். குழைந்த பாசிப்பருப்பு, உதிர்த்துப் போட்ட உருளைக்கிழங்கு, தேங்காய், பச்சை மிளகாய், சோம்பு, பொட்டுக்கடலை சேர்த்து அரைத்த விழுது. மிளகாய்த்தூள் விழாது. இலையில் இட்லியைப் பிட்டுக் குழி பண்ணி வைப்பேன். வாளியிலிருந்து கரண்டி சாயும்; ஆவியோடு சோம்பு வாசனை மூக்கில் ஏறும்.

இரண்டாவது கரண்டி கேட்டபோது, சப்ளையர் வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இருங்க தம்பி, இது இறுகிடுச்சு" என்று அடுப்படிக்கே போய்ச் சூடாக ஊற்றிக்கொண்டு வந்தார். கடப்பா ஆறினால் களியாகிவிடும். இலைக்கும் அடுப்புக்கும் நடுவே பத்தடிக்கு மேல் அது தாங்காது.

போன மாதம் அதே ஹோட்டலுக்குப் போனேன். பாதி மேஜைகளைக் காணோம். அந்த இடத்தில் பார்சல் கவுண்டர்; ஹெல்மெட்டைக் கழற்றாமல் காத்திருக்கும் இளைஞர்கள். கொதிக்கிற கடப்பாவைப் பிளாஸ்டிக் கவரில் ஊற்றி, ஒரு சுழற்றுச் சுழற்றி ரப்பர் பேண்ட் போடுகிறார்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை. தடை வந்தது, கவர் போகவில்லை.

முன்பு வீட்டுக்கு வாங்குகிறவர்கள் எவர்சில்வர் தூக்குவாளியோடு வருவார்கள். இட்லிக்கு வாழையிலை, அதற்கு மேல் செய்தித்தாள், மேலே தொங்கும் கண்டிலிருந்து நூலை இழுத்து இரண்டு சுற்று. வீட்டுக்குப் போனதும் இலை மாட்டுக்கு, வாளி கிணற்றடிக்கு. குப்பை என்று மிஞ்சியது ஒரு முழ நூல். இப்போது ஒருவர் சாப்பிடும் நாலு இட்லிக்குச் சட்னி கவர் இரண்டு, சாம்பார் கவர் ஒன்று, கடப்பா கவர் ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பை.

வேலைக்குப் போகும் தம்பதிக்கும், நடமாட முடியாத பெரியவர்களுக்கும் பார்சல் வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் கொதிக்கும் குழம்பைக் கவரில் ஊற்றிக் குழந்தைக்குக் கொடுப்பதற்கு வசதி ஒரு சமாதானமா?

அடுத்த மகாமகம் 2028-ல். அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை பரணிலிருக்கும் தூக்குவாளியை இறக்கித் துலக்கி எடுத்துப் போங்கள். உட்கார்ந்து சாப்பிட நேரமிருந்தால் அதுவும் வேண்டாம்.