சல்லடை நிற்கும் இடம்

ஜெனீவா நகருக்கு அருகே, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து என்னும் இரு தேசங்களின் எல்லைக்குக் கீழே, 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையமாகச் செர்ன் விஞ்ஞானிகள் அமைத்திருக்கும் மாபெரும் மோதுகருவியில், புரோட்டான் கற்றைகள் விநாடிக்கு 4 கோடி தடவை வரை ஒன்றையொன்று ஊடுருவிச் செல்கின்றன. அங்கே நிகழ்வதையெல்லாம் சேமித்து வைக்கக்கூடிய களஞ்சியம் உலகில் எங்கும் இல்லையாதலால், எதை ஆராய்வது என்று யோசிப்பதற்கு முன்பே எதை எறிந்துவிடுவது என்று நிர்ணயிக்க வேண்டியிருக்கிறது. எறிந்தது எறிந்ததுதான், பிற்பாடு அருமை தெரிந்து தேடினாலும் அது அகப்படாது.

அந்த வளையத்தின் நான்கு பெரிய சோதனைகளுள் ஒன்றான எல்.எச்.சி.பி.யில், இந்தக் காரியத்தின் முதற்கட்டத்தை ஆதியில் வன்பொருளே செய்துவந்தது. அதற்கென்றே பிரத்தியேகமாக அமைத்த மின்னணுச் சுற்றுகள், சக்தியை அளக்கும் கலோரிமானியில் துகள்கள் கொட்டிய சக்தி எவ்வளவு, மியூவான் என்னும் துகளின் பக்கவாட்டு உந்தம் எவ்வளவு என்ற ஓரிரு கேள்விகளை மாத்திரம் கேட்டு, ஒரு விநாடியை 10 லட்சம் கூறாக்கினால் அதில் நான்கு கூறு கழிவதற்குள் தீர்ப்புச் சொல்லி, விநாடிக்கு ஏறத்தாழ 10 லட்சம் மோதல் நிகழ்ச்சிகளை மட்டும் மேலே அனுப்பின. வேகத்தில் குறையில்லை, கேள்வியில்தான் குறை.

அந்தச் சோதனை தேடுவது பி குவார்க் அடங்கிய துகள்களை. அவை பிறந்த இடத்திலேயே சிதைவதில்லை. ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர், அதாவது நம் சுண்டுவிரல் நகத்தின் அகலம், ஓடிய பிறகே சிதைகின்றன. பிறந்த புள்ளிக்கும் சிதைந்த புள்ளிக்கும் இடையிலுள்ள அந்தச் சின்னஞ்சிறு இடைவெளியே அவற்றின் அடையாளம். அதைக் காணவேண்டுமானால், எல்லாத் துகள்களின் தடங்களையும் பின்னோக்கி வரைந்து, அவை எங்கே கூடுகின்றன என்று பார்க்கவேண்டும். பழைய சுற்றுகளுக்கு அதற்கு அவகாசமும் இல்லை, சக்தியும் இல்லை. மோதல்களை ஐந்து மடங்காக்க விரும்பியபோது இக்குறை வெளிப்பட்டது. வெள்ளத்தைச் சமாளிக்க, நிகழ்ச்சி தேறுவதற்கான சக்தியின் வரம்பை உயர்த்த வேண்டியதாயிற்று. உயர்த்தினால், ஹேட்ரான் என்னும் வகைத் துகள்களாகச் சிதையும் நல்ல நிகழ்ச்சிகளும் பதரோடு பதராய்ப் போயின. மோதல் பெருகியும் பலன் பெருகவில்லை.

ஆகவே அந்த வன்பொருள் வடிகட்டியை அடியோடு அகற்றிவிடுவதென்று தீர்மானித்தார்கள். இதை நான் மிகத் துணிந்த தீர்மானமாகவே மதிக்கிறேன். மோதுகருவியின் 2022-இல் தொடங்கிய ஓட்டத்திலிருந்து, விநாடிக்கு சுமார் 4 லட்சம் கோடி பைட் தரவு, ஒரு நிகழ்ச்சியும் கழிக்கப்படாமல், கண்ணாடி இழைகளின் வழியே தரைமட்டத்துக்கு வருகிறது. அங்கே, கணினி விளையாட்டுக்களின் காட்சிகளைத் திரையில் தீட்டுவதற்காகத் தோன்றி வளர்ந்த ஜி.பி.யு. சில்லுகளில் ஓடும் ஒரு மென்பொருள், தடங்களை வரைந்து, அந்த நகத்தளவு இடைவெளியைத் தேடுகிறது. அந்த மென்பொருளுக்கு ஆலன் என்று பெயர்; கணினித் துறையின் டூரிங் பரிசை 2006-இல் பெற்ற முதற்பெண்மணி பிரான்சிஸ் ஆலனைக் கௌரவித்து இட்டது. இதுவும் விநாடிக்கு ஏறத்தாழ 10 லட்சத்தைத்தான் தேறவிடுகிறது. ஆனால் சரியான கேள்வியைக் கேட்டுத் தேறவிடுகிறது. நாளைக்குக் கேள்வி மாறினால், சுற்றுகளைப் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. நிரலைத் திருத்தினால் போதும்.

அப்படியானால் அதே வளையத்தின் அட்லஸ், சி.எம்.எஸ். என்னும் பெரிய சோதனைகள் இன்றும் முதல் வடிகட்டியை வன்பொருளிலேயே வைத்திருப்பது ஏன்? எல்.எச்.சி.பி.யில் ஒரு நிகழ்ச்சியின் தரவு சுமார் ஒரு லட்சம் பைட். அவற்றிலோ 10 லட்சத்துக்கும் மேல். அதை 4 கோடியால் பெருக்கிப் பார்த்தால், அவ்வளவையும் மேலே கொண்டுவருவது எத்தகைய பிரயத்தனம் என்பது விளங்கும்.

எல்.எச்.சி.பி.யிலும் வன்பொருள் முற்றாக ஓய்ந்துவிடவில்லை. கற்றையிலிருந்து சுமார் 5 மில்லிமீட்டர் தூரத்தில் நிற்கும் உணரியில் பதிந்த புள்ளிகளைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்துக் கொடுக்கும் வேலை, எப்.பி.ஜி.ஏ. என்னும் மாற்றியமைக்கத்தக்க சில்லுகளிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அவை எந்த நிகழ்ச்சியையும் எறிவதில்லை. ஆலன் பார்ப்பதற்கு ஏதுவாக அடுக்கி வைக்கின்றன.